விளக்கேற்றிய பிறகு வந்த கடிதம்

புதன்கிழமை. புதன்கிழமையே வந்திருக்கிறது. மத்தியானச் சாப்பாட்டில் மீனின் முள்ளை எடுத்துக்கொண்டே ஜோஷுவா அண்ணன்தான் போட்டு உடைத்தான், அந்தப் பிலடெல்பியாக் கடிதத்தைத் தங்கச்சியிடம் கொடுத்துவிட்டீர்களா அப்பா, புதன்கிழமையிலிருந்து உங்கள் கோட்டுப் பையிலேயே குடியிருந்ததே என்று. சொல்லிவிட்டு இன்னொரு துண்டு மீன் கேட்டான். அவனுக்கு ஒன்றும் தெரியாது. பாவம் என்று சொல்ல மாட்டேன், தெரிந்துகொள்ளவேண்டிய அவசியமே அவனுக்கு வந்ததில்லை. கிராசியா அத்தை உப்புக் கிண்ணத்தை இந்தப் பக்கத்திலிருந்து அந்தப் பக்கத்துக்கு நகர்த்தினாள். அப்பா மென்றுகொண்டிருந்தார். எதையும் மெதுவாகத்தான் மெல்லுவார். விழுங்கி, தண்ணீர் குடித்து, வாயைத் துடைத்துக்கொண்டு, கொடுத்தாயிற்று என்றார். ஆமாம், கொடுத்தார். நேற்று வெள்ளிக்கிழமை சாயங்காலம் அத்தை ஓய்வுநாள் விளக்கை ஏற்றிப் பிரார்த்தனை சொல்லி முடித்த பிறகு, சரியாக அதற்குப் பிறகு, பையிலிருந்து எடுத்து நீட்டினார். நிதானமாப் படிச்சுப் பாரும்மா, அப்புறம் பேசலாம் என்றார். சிரித்த முகமாகத்தான் சொன்னார். விளக்கேற்றிவிட்டால் பேனாவைத் தொடக் கூடாது. எங்கள் வீட்டில் மட்டுமில்லை, இந்தச் சார்ல்ஸ்டன் ஊரில் சட்டத்தை மதிக்கும் எந்த யூத வீட்டிலும் அப்படித்தான். வெள்ளிக்கிழமை சூரியன் இறங்கியதிலிருந்து சனிக்கிழமை வானத்தில் மூன்று நட்சத்திரம் தெரியும்வரை நெருப்பு மூட்டக் கூடாது, வியாபாரம் பேசக் கூடாது, எழுதக் கூடாது. இரண்டு எழுத்தைச் சேர்த்து எழுதினாலே குற்றம். அது அப்பாவுக்குத் தெரியும். எனக்குத் தெரியும் என்பதும் அவருக்குத் தெரியும். கடிதத்தைக் கொண்டுவந்த கப்பல் இன்று ஆறு மணிக்குக் கடல் தண்ணீர் இறங்கும்போது திரும்பிப் போகிறது என்பதும் தெரியும். மே மாதத்தில் மூன்று நட்சத்திரம் வர எட்டு மணியாகும். ஆறு, எட்டு. புதன், வியாழன், வெள்ளி, மூன்று முழு நாளையும் பைக்குள் வைத்துக்கொண்டு, ஒன்றும் செய்ய முடியாத இந்த ஒரு நாளை எடுத்து என் கையில் கொடுத்திருக்கிறார். நிதானமாகப் படிக்க வேண்டுமாம்.

நிதானமாகத்தான் படித்தேன். இருபது தரம் படித்தாயிற்று, இனிப் பார்க்காமலே சொல்வேன். ஐயா, தங்கள் மகள் சிப்போராவுக்கு எங்கள் பெண்கள் பள்ளியில் இடம் கொடுக்கச் சம்மதிக்கிறோம் என்று ஆரம்பிக்கிறது. பூகோளம், கணிதம், பிரெஞ்சு, வானத்துக் கோள்களின் கணக்கு. எங்கள் மாணவிகள் கிறிஸ்தவர்கள், ஆயினும் தங்கள் மகள் ஜெப நேரத்தில் வெளியே தோட்டத்தில் உட்கார்ந்திருக்கலாம், அதற்காக யாரும் அவளைக் குறைத்து நினைக்க மாட்டார்கள். அந்த வரிக்கு நேற்றும் திரும்பத் திரும்பப் போனேன், இப்போதும் போகிறேன். பிறகு கடைசி வரி. ஓர் இடம்தான் இருக்கிறது, இன்னொரு பெண்ணும் காத்திருக்கிறாள், ஆகையால் இதைக் கொண்டுவரும் மாலுமி திரும்பும்போதே பதில் வேண்டும். அவ்வளவுதான். அந்த இன்னொரு பெண்ணை நான் பார்த்ததில்லை. அவளுடைய அப்பாவும் கோட்டில் பை வைத்துத் தைத்திருப்பாரோ என்னவோ. இப்போது மூன்றரை மணி. அத்தை மாடியில் தூங்குகிறாள். ஜோஷுவா கடற்கரைச் சுவரோரம் நடக்கப் போயிருக்கிறான், கோட்டுக்கு அடியில் தெரியும் அவனுடைய புது வெயிஸ்ட்கோட்டை யாராவது பார்க்க வேண்டுமே. அப்பா எழுத்துமேசைக்குப் பக்கத்து நாற்காலியில் கைக்குட்டையால் முகத்தை மூடிக்கொண்டு தூங்குகிறார். மூச்சு விடும்போது கைக்குட்டை உப்புகிறது, இழுக்கும்போது மூக்கோடு ஒட்டுகிறது. உப்புகிறது, ஒட்டுகிறது. எவ்வளவு நிம்மதி. ஒருவரைக் கட்டிப்போட்டுவிட்டு அவர் எதிரிலேயே தூங்குவதற்கு ஒரு தைரியம் வேண்டும். இல்லை, தைரியம்கூட வேண்டாம், முடிச்சின்மேல் நம்பிக்கை இருந்தால் போதும்.

ஆனால் அவரை ஏமாற்றியது நான்தானே, முதலில். அதை நினைக்காமல் இருக்கப் பார்க்கிறேன், திரும்பத் திரும்ப அதில் வந்துதான் இடிக்கிறேன். எங்கள் வீட்டில் செவ்வாய்க்கிழமை கடிதக் கிழமை. அப்பா நடந்துகொண்டே சொல்வார், நான் எழுதுவேன். லண்டனுக்கு இங்கிலீஷில், ஆம்ஸ்டர்டாமுக்குப் போர்த்துகீசில், ஜமைக்காவுக்கு இரண்டும் கலந்து. இந்த வருஷம் அவுரி நன்றாக விளையவில்லை, நீலக்கட்டியின் தரம் இப்படி, நகத்தால் தேய்த்துப் பார்த்தேன் செம்பு மாதிரி மின்னுகிறது, உங்கள் பணிவுள்ள ஊழியன். நீலச் சாயம் விற்கும் அப்பாவின் நகங்கள் எப்போதும் நீலமாக இருக்கும், கழுவினாலும் போகாது. நீலத்தைப் பற்றி அவருக்குத் தெரியாதது இல்லை. இங்கிலீஷ் மட்டும் வராது, பேசுவார், எழுத வராது. என் பதினொன்றாம் வயதில் அம்மா இறந்த வருஷத்திலிருந்து அவருடைய கை நான்தான். ஜோஷுவாவை இரண்டு வருஷம் லண்டனில் படிக்கவைத்தார். மூன்று வெயிஸ்ட்கோட்டோடும் ஒரு வாக்கிங் ஸ்டிக்கோடும் திரும்பி வந்தான். அவன் எழுதிய ஒரே வியாபாரக் கடிதத்துக்கு லண்டன்காரர்கள் பதில் போட்டார்கள், தாங்கள் நலமா, கடிதத்தில் ஏதோ உடல்நலக் குறைவு தெரிகிறதே என்று. அப்பாவே விழுந்து விழுந்து சிரித்தார். சிரித்துவிட்டு என் தலையைத் தடவி, நீ பையனாப் பிறந்திருக்கணும் என்றார். அன்றைக்கு அதைப் பெரிய பாராட்டு என்று நினைத்துக்கொண்டு இராத்திரி முழுக்கச் சந்தோஷமாக இருந்தேன். அந்தச் சந்தோஷத்தை நினைத்தால்தான் இப்போது எனக்கு எல்லாவற்றையும்விட அதிகமாகக் கோபம் வருகிறது. எழுதி முடித்ததும் எல்லாவற்றையும் அடுக்கி வைப்பேன், அவர் கடைசித் தாளில் கையெழுத்து மட்டும் போடுவார், படித்துப் பார்க்க மாட்டார். உன் எழுத்தை நான் ஏன் படிக்கணும் என்பார். ஆறு வருஷமாக. மார்ச் மாதத்துச் செவ்வாய்க்கிழமை ஒன்றில் ஏழு கடிதத்துக்கு நடுவில் எட்டாவதாக ஒன்றை வைத்தேன். மதிப்பிற்குரிய அம்மையாருக்கு, சார்ல்ஸ்டன் நகர வணிகன் டேனியல் பெனவென்டே எழுதுவது, பதினேழு வயதான என் மகள். அவர் கையெழுத்துப் போட்டார். மை உலர மணலைத் தூவினேன். அதற்காக வெட்கப்படுகிறேனா என்று கேட்டால், ஆமாம், வெட்கப்படுகிறேன். நேரே கேட்டிருக்கலாமே என்றால், கேட்டேனே. இரண்டு தரம் கேட்டேன். முதல் தரம், பார்க்கலாம் என்றார். இரண்டாம் தரம், ஆம்ஸ்டர்டாம் கடிதத்தை எடு என்றார்.

என்னைத் திட்டியிருந்தால் தேவலை. புதன்கிழமை அன்றே கடிதத்தை வீசியெறிந்து, என் பெயரை வைத்து இப்படிச் செய்வாயா என்று கத்தியிருந்தால் நானும் கத்தியிருப்பேன். இல்லை, கத்தியிருக்க மாட்டேன், எனக்குக் கத்த வராது, என் குரல் மேசைக்கு அந்தப் பக்கம்கூடப் போகாது என்று அத்தை சொல்வாள், ஆனாலும் ஏதோ சொல்லியிருப்பேன். அவர் ஒன்றுமே சொல்லவில்லை. மூன்று நாள் என்னோடு உட்கார்ந்து காலைச் சாப்பாடு சாப்பிட்டார். நேற்று மத்தியானத்திலிருந்து பொழுது சாயும்வரை என்னை உட்காரவைத்து ஆம்ஸ்டர்டாமுக்கு ஒன்பது பக்கம் எழுதவைத்தார், அவசரமே இல்லாத கடிதம், போன மாதம் சொன்னதையே திரும்பச் சொன்னார், என் எதிரில் நடந்துகொண்டே, பையில் அதை வைத்துக்கொண்டே. விளக்கேற்ற நேரமாச்சு என்று அத்தை குரல் கொடுத்த பிறகுதான் நிறுத்தினார். நான் கடிதத்தால் ஏமாற்றினேன், அவரும் கடிதத்தாலேயே. எனக்கு இருக்கும் மூளை எங்கிருந்து வந்தது என்று ஊரில் யாரும் சந்தேகப்பட வேண்டாம். ஆனால் ஓய்வுநாளை எடுத்துக் கையாண்டாரே, அதைத்தான் என்னால் பொறுக்க முடியவில்லை. அது என்னுடையதும்தானே. வெள்ளிக்கிழமை ரொட்டி மணமும் வெள்ளைத் துணியும் விளக்கின் ஏழு திரியும் எனக்குப் பிடிக்கும், சின்ன வயதிலிருந்து பிடிக்கும், வாரம் முழுக்க ஓடிய விரல்கள் ஒரு நாள் மடியில் சும்மா கிடப்பது பிடிக்கும். அதைப் பூட்டாக மாற்றிவிட்டார். அவர் காரணம் எனக்குத் தெரியாது என்று நினைக்கிறாரா. தெரியும். யூதராக இருப்பதே குற்றமாக இருந்த போர்த்துகலில் எங்கள் முன்னோர் அலமாரிக்குள் விளக்கு ஏற்றினார்கள், வெளியே வெளிச்சம் தெரியாமல் கதவைச் சாத்தி வைத்தார்கள், அலமாரிக் கட்டை தீய்ந்து பக்கத்து வீட்டுக்காரி மோப்பம் பிடித்துக் காட்டிக்கொடுத்தாள், பெரியப்பாட்டன் ஒருவரைச் சதுக்கத்தில் வைத்து எரித்தார்கள். பெருநாளுக்குப் பெருநாள் சொல்வார். சொல்லும்போது அவர் கண்ணில் தண்ணீர் நிற்கும், நடிப்பு இல்லை. அங்கே போனால் உன்னைக் கிறிஸ்தவளாக மாற்றிவிடுவார்கள், அடித்து இல்லை, அன்பாக மாற்றிவிடுவார்கள் என்று ஒருநாள் பொதுவாகச் சொல்வதுபோலச் சொன்னார். அது நடக்கக்கூடியதுதான். அந்த நெருப்பு உண்மையானது என்பதால்தான் அதை எதிர்த்துப் பேச என்னால் முடியவில்லை. எரிந்துபோன ஒருவரை எதிரில் நிறுத்திவைத்துவிட்டு, பூகோளம் படிக்க வேண்டும் என்று எப்படிக் கேட்பது. ஆனால் அப்பா, உங்களுக்கு நான் மாறிவிடுவேன் என்ற பயம் எவ்வளவு, செவ்வாய்க்கிழமை யார் எழுதுவார்கள் என்ற பயம் எவ்வளவு. அதைப் பிரித்துச் சொல்லுங்கள். நகத்தால் தேய்த்துப் பார்த்துச் சொல்லுங்கள்.

இப்போது எழுந்து மேசையைத் திறந்தால் என்ன. இறகுப் பேனா அங்கேதான் இருக்கிறது, சீவி வைத்தவள் நான்தான். சம்மதம், நன்றி, அடுத்த கப்பலில் வருகிறாள், மூன்று வரி. எழுதினால் ஓய்வுநாளை உடைத்தவள் ஆவேன், பள்ளிக்குப் போகுமுன்பே மாறிவிட்டாள் பார் என்பார், அவர் பயந்தது சரியாகிவிடும். எழுதாவிட்டால் கப்பல் போய்விடும், அவர் நினைத்தது நடந்துவிடும். எழுதினாலும் அவர் பக்கம், எழுதாவிட்டாலும் அவர் பக்கம். இதைக் காலையில் தொழுகைக் கூடத்தின் மாடியில், பெண்களோடு பெண்ணாக உட்கார்ந்து நினைத்தேன். கீழே ஜோஷுவா வேதம் வாசிக்கக் கூப்பிடப்பட்டு இரண்டு இடத்தில் தடுமாறினான், சரியான சொல் என் நாக்கில் வந்து நின்றது, விழுங்கினேன். அப்போதும் இதே சுற்று. சாப்பிடும்போது இதே சுற்று. இந்த ஈ பாருங்கள், ஜன்னல் கண்ணாடியில் மேலேறுகிறது, விழுகிறது, அதே இடத்தில் மறுபடி ஏறுகிறது, பக்கத்து ஜன்னல் திறந்துதான் இருக்கிறது. சேற்று நாற்றம் வருகிறது, தண்ணீர் இறங்க ஆரம்பித்துவிட்டது போலிருக்கிறது. இல்லை, இன்னும் நேரம் இருக்கிறது. இருக்கிறதா. தேவாலய மணி நான்கு அடிக்கிறது. கைக்குட்டை உப்புகிறது, ஒட்டுகிறது. எழுதக் கூடாது, சரி. பேசலாமே. பேசுவதற்கு எந்தத் தடையும் இல்லை. யாராவது ஒருவர் துறைமுகத்துக்குப் போய், அந்த மாலுமியிடம், பெனவென்டே வீட்டில் சம்மதம் என்று வாயால் சொல்லிவிட்டால். நான் போனால் தெருவே பார்க்கும், நாளைக்குள் அத்தனை யூத வீட்டிலும் அதுதான் பேச்சு. யார் போவார்கள் என்று நினைக்கும்போதே ஹேகர் உள்ளே வருகிறாள், காலிக் குவளைகளை எடுக்க, செருப்பில்லாத காலோடு, சத்தமே இல்லாமல்.

ஹேகர் எங்கள் வீட்டு அடிமை. இந்தச் சொல்லை வீட்டில் யாரும் சொல்வதில்லை, எங்கள் ஹேகர் என்போம். இங்கிலாந்தோடு போர் தொடங்குவதற்கு முந்தின வருஷம் அப்பா வாங்கினார், எனக்கு நடக்கக் கற்றுக்கொடுத்தது அவள்தான் என்று சொல்வார்கள். அவளைச் சைகை காட்டிக் கூப்பிட்டு, அப்பா எழாதபடி மெல்ல, துறைமுகத்துக்குப் போகணும், மாலுமியிடம் ஒரே ஒரு வார்த்தை சொல்லணும் என்றேன். எல்லாவற்றையும் சொன்னேன், கடிதம், புதன்கிழமை, ஆறு மணி. அவள் குவளைகளைக் கீழே வைக்காமல் கேட்டாள். கேட்டுவிட்டு, "என் வாய்வார்த்தையை நம்பிக் கப்பல்காரர் பிலடெல்பியாவில போய்ச் சொல்வாரா மிஸ்? காகிதம் இல்லாம நான் சொல்றது எங்கேயும் போகாது. நானும் அப்படித்தான், காகிதம் இல்லாம எங்கேயும் போக முடியாது, இன்னைக்கு ஆத்தைக்கூடத் தாண்டலையே" என்றாள். ஆற்றையா. ஏன், என்று கேட்டேன். கேட்ட பிறகுதான் என் வாயை மூடிக்கொள்ள வேண்டும்போல இருந்தது. இன்று அவளுடைய சனிக்கிழமை. அவள் மகள் ஃபீபியை, பன்னிரண்டு வயது, இரண்டு வருஷத்துக்கு முன்னால் அப்பா அக்கரையில் ஒரு நெல்வயல்காரருக்கு வாடகைக்கு விட்டார். ஒரு வாரம் விட்டு ஒரு வாரம், சனிக்கிழமை மத்தியானத்துக்கு மேல் ஹேகர் படகேறிப் போய்ப் பார்த்துவிட்டு இருட்டுமுன் வருவாள். படகுக்காரனிடம் காட்ட எஜமானர் கையெழுத்துப் போட்ட சீட்டு வேண்டும், இன்ன தேதி, இன்ன ஊர், இவளைத் தடுக்க வேண்டாம் என்று. சனிக்கிழமை எழுதக் கூடாதே, அதனால் வெள்ளிக்கிழமையே எழுதி வைத்துவிடுவோம். எழுதுவது நான். "நேத்து நீங்க எழுதலை" என்றாள். கேட்டிருக்கலாமே என்றேன், இதையும் நான்தான் கேட்டேன். "ரெண்டு தரம் வந்து கதவுகிட்ட நின்னேன் மிஸ். நீங்க எழுதிக்கிட்டிருந்தீங்க. இருன்னு கையைக் காட்டினீங்க."

காட்டினேன். ஞாபகம் இருக்கிறது. ஆம்ஸ்டர்டாம் கடிதத்தின் ஆறாம் பக்கமோ ஏழாம் பக்கமோ, வாசலில் ஒரு நிழல், நிமிராமல் இடது கையை உயர்த்தினேன். அந்தக் கையை இறக்குமுன் விளக்கேற்றியாயிற்று. உண்மையைச் சொல்கிறேன், முதலில் வந்தது வெட்கம் இல்லை, எரிச்சல். என் கோபத்துக்கு நடுவில் இவள் ஏன் தன்னுடையதைக் கொண்டுவந்து வைக்கிறாள், இன்றைக்கா, இந்த நேரத்திலா என்று வந்தது. ஒரு கணம்தான். ஆனால் அந்தக் கணத்தில் என் முகம் அப்பாவின் முகமாக இருந்திருக்கும் என்று எனக்குத் தோன்றியது, சிரித்த முகமாக, நிதானமாக, அப்புறம் பேசலாம் என்று சொல்லுகிற முகமாக. அவரை நான் நேற்று இராத்திரியிலிருந்து மனதுக்குள் திட்டிக்கொண்டிருக்கிறேன், இவள் என்னைத் திட்டாமல் காலையில் தண்ணீர் கொண்டுவந்தாள், மீன் பரிமாறினாள், அடுப்பில் நெருப்பு அணையாமல் பார்த்துக்கொண்டாள், ஏனென்றால் நாங்கள் நெருப்பைத் தொடக் கூடாது. வீட்டில் வேலை செய்கிறவர்களும் இந்த நாளில் ஓய வேண்டும் என்பதுதான் சட்டம், அதை இரண்டு மொழியில் என்னால் ஒப்பிக்க முடியும், ஒப்பித்துப் பரிசுகூட வாங்கியிருக்கிறேன், சர்க்கரைப் பாகில் போட்ட ஆரஞ்சுத் தோல். என் சின்ன வயதில் ஒருநாள் நான் எழுதுவதைப் பார்த்து, இதுல என் பேர் எப்படி இருக்கும் மிஸ் என்று ஹேகர் கேட்டாள். அடிமைக்கு எழுதக் கற்றுக்கொடுத்தால் இந்த ஊர்ச் சட்டப்படி தண்டனை, அத்தை சொல்லிக்கொடுத்திருந்தாள், அதனால் தாளை மார்போடு அணைத்து மூடிக்கொண்டேன். மூடியதும் ஞாபகம் வருகிறது. எத்தனை இருக்கிறது இந்த மாதிரி, இன்னும் எத்தனை. எழுதினால் அப்பா ஜெயிப்பாரா எழுதாவிட்டால் ஜெயிப்பாரா என்று நான் ஈ மாதிரி ஏறிக்கொண்டிருந்த நேரத்தில் அக்கரையில் ஒரு பெண் ஒவ்வொரு படகாகப் பார்த்துக்கொண்டு நின்றிருப்பாள். எனக்கு அவரை ஜெயிக்கவே வேண்டாம். எனக்கு எழுத வேண்டும். எழுந்தேன். மேசையைத் திறந்தேன். கீல் கிறீச்சிட்டது, கைக்குட்டை உப்பியது, ஒட்டியது. பேனாவை எடுத்து மையில் தோய்த்தேன்.

ஐயோ மிஸ் என்று ஹேகர் சொல்வாள் என்று எதிர்பார்த்தேனோ என்னவோ. குவளைகளை மெல்லக் கீழே வைத்துவிட்டுக் கதவைச் சாத்தினாள். பிறகு மேசைக்கு இந்தப் பக்கம் வந்து, இவ்வளவு பக்கத்தில் அவள் நின்றதே இல்லை, என் காதோடு பேசினாள். "எழுதறதுதான் எழுதறீங்க, எனக்கும் ஒண்ணு. தேதி போடாதீங்க. ஊர் பேர் போடாதீங்க. ஃபீபி பேரையும் சேர்த்துப் போடுங்க. எஜமானர் வேலையா ரெண்டு பேரும் போறாங்கன்னு மட்டும்." நான் நிமிர்ந்து பார்த்தேன். அவள் கண் நகரவில்லை. தேதி இல்லாத சீட்டு என்றால் என்ன, ஊர் இல்லாத சீட்டு என்றால் என்ன என்று ஒரு வியாபாரி வீட்டுப் பெண்ணுக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை, எந்த நாளும் எந்த ஊருக்கும் செல்லும், திரும்பி வருகிறவளுக்கான சீட்டு இல்லை அது. எங்கே போவாய் என்று கேட்கவில்லை. கேட்டால் எனக்குத் தெரிந்துவிடும், தெரிந்தால் யாராவது கேட்கும்போது சொல்லிவிடுவேன். "உங்க கடிதத்தைக் கப்பல்காரர் கையில கொடுத்துட்டுத்தான் போவேன். அஞ்சு மணிக்குக் கடைசிப் படகு. சீக்கிரம் எழுதுங்க" என்றாள். அவ்வளவுதான் பேச்சு. கெஞ்சவும் இல்லை, மிரட்டவும் இல்லை, துறைமுகத்தில் இரண்டு வியாபாரிகள் பேசி முடித்ததுபோல முடிந்தது.

என்னுடையதைத்தான் முதலில் எழுதினேன், பொய் சொல்ல மாட்டேன். மதிப்பிற்குரிய அம்மையாருக்கு. முதல் எழுத்தில் ஒன்றும் ஆகவில்லை. இரண்டாவது எழுத்து அதோடு சேர்ந்தது, அங்கே ஏதாவது ஆகும் என்று உடம்பு காத்திருந்தது. ஒன்றும் ஆகவில்லை, அதுதான் பயமாக இருந்தது. ஈ கண்ணாடியில் முட்டிக்கொண்டுதான் இருந்தது. மூன்று வரி. அடியில் டேனியல் பெனவென்டே, கடைசி எழுத்தை அவர் இழுக்கிற மாதிரியே இழுத்தேன், அவர் பெயரை அவரைவிட நான் நன்றாக எழுதுவேன். இதை மறுத்து அவர் எழுத வேண்டுமென்றால் நான் வேண்டும். இல்லாவிட்டால் ஜோஷுவா வேண்டும், அவன் எழுதினால் அது மறுப்பா சம்மதமா என்று அங்கே ஒருவருக்கும் புரியாது. பிறகு இன்னொரு தாள். ஹேகர் என்ற பெண்ணும் அவள் மகள் ஃபீபியும். அங்கே நிறுத்தி, பேனா முனையைத் துடைத்துவிட்டு மறுபடி எழுதினேன். இந்தத் தாளை ஓடிப்போகும் அடிமைகளைத் தேடும் ரோந்துக்காரன் எவனாவது வழியில் வெளிச்சத்தில் பிடித்துப் பார்ப்பான், குதிரைமேல் உட்கார்ந்துகொண்டு, சவுக்கு வைத்துக்கொண்டு, என் எழுத்தின் ஒவ்வொரு வளைவையும். ஆம்ஸ்டர்டாமுக்கு எழுதுவதைவிட அழகாக எழுதினேன், அடியில் அப்பாவின் பெயரையும் போட்டேன். ஹேகர் என்ற இடத்தில் விரலை வைத்து, இதுதான் நீ, இதுதான் ஃபீபி என்றேன். அவள் குனிந்து பார்த்தாள், கொஞ்ச நேரம், மனதில் ஏற்றிக்கொள்கிற மாதிரி. கடிதத்துக்கு அரக்கு வைக்க நெருப்பு வேண்டும், அடுப்பில் இருக்கிறது, ஆனால் அதை மட்டும் என்னால் செய்ய முடியவில்லை, ஏன் என்று கேட்டால் எனக்கே தெரியாது, இரண்டு தாள் எழுதியவளுக்கு ஓர் அரக்கு பெரிதா. மாவுப்பசையால் ஒட்டினேன். கடிதத்தைக் கூடையில் துணிக்கு அடியில் வைத்தாள். சீட்டை ரவிக்கைக்குள் வைத்தாள். வருகிறேன் என்று சொல்லவில்லை. என் தலையில் கை வைப்பாள் என்று ஒரு நொடி நின்றேன், வைக்கவில்லை, எதற்காக வைக்க வேண்டும்.

மாடிப்படி ஜன்னலிலிருந்து பார்த்தேன். தெருமுனையில் இடப்பக்கம் திரும்பினால் துறைமுகம், வலப்பக்கம் போனால் படகுத்துறை. அவள் வலப்பக்கம் போய்விட்டால் என்ன செய்வாய் என்று எனக்குள் ஒருத்தி கேட்டாள், போகக் கூடாது போகக் கூடாது என்று இன்னொருத்தி கையைப் பிசைந்தாள், அவள் வலப்பக்கமே போயிருந்தாலும் அது நியாயம்தானே என்று யாரும் சொல்லவில்லை. கோபம் வந்தது, என்மேல்தான். இடப்பக்கம் திரும்பினாள். அவசரமே இல்லாமல், கடைக்குப் போகிற நடையில். நான் படியிலேயே நின்றேன். எவ்வளவு நேரம் என்று தெரியாது, வெயில் கைப்பிடியில் ஒரு சாண் நகர்ந்தது. மறுபடி தெரிந்தாள். முனையைக் கடந்து வலப்பக்கமாகப் போனாள், கூடையைக் கவிழ்த்துக் கையில் தொங்கவிட்டுக்கொண்டு, எனக்குத் தெரியட்டும் என்று. காலிக் கூடை. நிமிர்ந்து பார்க்கவில்லை. அவள் படகுத்துறை சேர்ந்திருக்கும் நேரத்தில் தேவாலய மணி ஐந்து அடித்தது. அந்தப் படகு ஆற்றைக் கடக்க அரை மணி ஆகும். இறங்கி நெல்வயலுக்கு நடக்க வேண்டும், ஃபீபியைக் கூப்பிட வேண்டும், அதற்குள் யாரும் அவளைத் தேடக் கூடாது. கீழே அப்பாவின் குரல், தூக்கம் கலைந்த குரல். ஹேகர், தண்ணி. கொஞ்சம் பொறுத்து இன்னொரு தரம், ஹேகர். அவர் மூன்றாம் தரம் கூப்பிட்டால் எழுந்து சமையற்கட்டுக்குப் போய்ப் பார்ப்பார். அங்கே இல்லையென்றால் கொல்லைக்குப் போவார். அங்கேயும் இல்லையென்றால் அவளுக்கு இன்று சீட்டு இல்லையே என்பது ஞாபகம் வரும், எதையும் மறக்க மாட்டார்.

ஓடிப்போய்த் தண்ணீரை நானே மொண்டேன். என் வலது கை நடுவிரலில் மை, நகக்கண் வரைக்கும் ஊறியிருந்தது. துடைக்கலாம் என்று மேலங்கியின் நுனியைப் பிடித்தேன், விட்டேன். அந்த விரல் வெளியே தெரியும்படி குவளையைப் பிடித்துக்கொண்டு போய் நீட்டினேன். ஹேகர் எங்கேம்மா என்று கேட்டுக்கொண்டே வாங்கினார், வாங்கும்போது பார்த்தார். கேட்ட கேள்வி அவர் வாயிலேயே நின்றுவிட்டது. ஜன்னலைப் பார்த்தார், வெளியே வெள்ளை வெயில், வானத்தில் நட்சத்திரம் வர இன்னும் மூன்று மணி நேரம் இருந்தது. என் விரலைப் பார்த்தார். அந்த நிதானமான முகம் கொஞ்சம் கொஞ்சமாகக் கழன்றது, அடியில் இருந்தது ஒரு பயந்த மனிதரின் முகம், எனக்கு அழுகை வரும்போல இருந்தது, அழுதால் அவர் என்னைத் தேற்றுவார், தேற்றிவிட்டு ஹேகரைக் கூப்பிடுவார். அழக் கூடாது. "எழுதிட்டேன் அப்பா" என்றேன். மேசைக்கு அந்தப் பக்கம் போகாத என் குரல் அத்தை தூங்குகிற மாடிவரைக்கும் போனது. "உங்க பேரை நானே போட்டேன். கடிதம் கப்பல்ல ஏறியாச்சு. மூணு நாள் நீங்க அதைப் பைக்குள்ள வெச்சிருந்தீங்களே, அதைப் பத்தி இப்பப் பேசலாம் வாங்க, நிதானமா." குவளை தரையில் விழுந்தது. அவர் எழுந்தார். என் வாழ்நாளில் முதல்தடவையாக அப்பா என்னைப் பார்த்துக் கத்தினார், மாடியில் அத்தை எழுந்து ஓடிவரும் சத்தம் கேட்டது, தெருவில் யாரோ நின்று பார்த்தார்கள், நான் கதவுக்கும் அவருக்கும் நடுவில் போய் நின்றுகொண்டேன். கத்துங்கள் அப்பா. அலமாரியைச் சொல்லுங்கள், சதுக்கத்தைச் சொல்லுங்கள், நான் பதில் சொல்கிறேன், ஒவ்வொன்றுக்கும் சொல்கிறேன். படகு இப்போதுதான் கரையை விட்டிருக்கும். அரை மணி நேரத்துக்கு என்னிடம் கோபம் இருக்கிறது. அதற்கு மேலும் இருக்கிறது.